ரீலுக்குள் ஓர் உள்பாவாடை

போன சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருப்பக்கம் வந்திருந்தால் ஒரு வினோதக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள்.

தெருக்கோடியில் என் மச்சான் வில்சன் ஒரு காலி பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்தபடி அசையாமல் நிற்கிறார். எங்கள் வீட்டு கேட்டில் என் மனைவி ஸ்டெல்லா ஒரு மீன்பிடி ரீலோடு நிற்கிறாள். இருவருக்கும் நடுவே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு நூல். அந்த நூலின் முனையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கும் ஆசாமி... வேறு யார், நான்தான்.

வாக்கிங் போன இரண்டு பேர் வில்சனையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "காலங்காத்தாலயேவா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வில்சன் குடிக்கவே மாட்டார். சர்ச்சில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர். பாவம், என்னால் அவருக்கு அந்தப் பெயர்.

எதற்கு இந்தக் கூத்து என்கிறீர்களா? சொல்கிறேன். கொஞ்சம் மானக்கேடான கதைதான். ஆனால் என் மானக்கேடு இந்தப் பக்கத்து வாசகர்களுக்குப் புதிதில்லையே!

வில்சன் ஸ்டெல்லாவின் அண்ணன். மஸ்கட்டில் வேலை. ஒரு மாத லீவில் வந்து, கூடுவாஞ்சேரியில் புதிதாகக் கட்டிய வீட்டில் அம்மாவோடு இருந்தார். வரும்போது எனக்கு ஒரு தூண்டில் கம்பு, ஒரு ரீல், ஒரு டப்பா நூல் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் முட்டுக்காட்டுக் கரையில் போய் உட்கார்ந்து வெறுங்கையோடு திரும்புவது குடும்பம் முழுக்கப் பிரசித்தம். "உங்க கம்புதான் சரியில்ல மாப்ள. இதை வச்சுப் பாருங்க" என்றார். நல்ல மனிதர். தப்பு என்னிடம் இல்லை, கம்பில்தான் என்று சொன்ன ஒரே ஆள்.

அந்த நூல் இருக்கிறதே, அதைச் சொல்லியாக வேண்டும். சாதாரண தூண்டில் நூல், நைலான் நரம்பு. ஒற்றை இழை, ஒளி ஊடுருவும். இது பின்னல் நூல். பல மெல்லிய இழைகளை, தலைப்பின்னல் போடுகிற மாதிரி நெருக்கிப் பின்னியது. நல்ல பச்சை நிறம். தையல் நூல் கனம்தான் இருக்கும், ஆனால் கையால் இழுத்து அறுக்க முடியாது. அறுக்கப் பார்த்தால் கைதான் அறுபடும். எனக்கு அறுபட்டது.

டப்பாவுக்குள் ஒரு துண்டுச் சீட்டு. முதலில் ஸ்பூலில், அதாவது நூல் சுற்றுகிற அந்த உருளையில், கொஞ்சம் சாதாரண நைலான் நரம்பைச் சுற்ற வேண்டுமாம். அதற்குப் பெயர் 'பேக்கிங்'. அதன்மேல்தான் பின்னல் நூலைச் சுற்ற வேண்டுமாம்.

படித்தேன். படிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். படித்துவிட்டு என்ன நினைத்தேன் தெரியுமா? மஸ்கட்டிலிருந்து விமானம் ஏறி வந்த நூலுக்கு அடியில் தாம்பரம் மார்க்கெட் நைலானா? சேச்சே!

டி.வி. ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கும் வீடு எங்களுடையது. ஃபாரின் சாமானை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்கா தெரியாது? உப்புக் காற்றில் துருப்பிடிக்கக் கூடாது என்று அந்த உருளை முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவினேன். பஞ்சால் பளபளவென்று துடைத்தேன். அப்புறம் பின்னல் நூலின் முனையை நேராக அதில் கட்டி, ஒரு முழம் விடாமல் சுற்றி முடித்தேன். உருளையில் பாதிதான் நிறைந்தது. 'ஃபாரின் நூல், மெல்லிசு' என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு கூடுவாஞ்சேரியில் விருந்து. வில்சன் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் வருகிறார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "மீன் வாங்காதீங்க அத்தை. நானே பிடிச்சுட்டு வர்றேன்" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டேன்.

ஞாயிறு விடியும்போதே முட்டுக்காட்டில் இருந்தேன். முள்ளில் இறாலைக் கோத்து வீசினேன். ஏழரை மணி இருக்கும்... கம்பு வளைந்தது.

வளைந்தது என்றால் சும்மா இல்லை, வில்லாக வளைந்தது! இத்தனை வருஷத்தில் முதல் பெரிய மீன். ரீலின் கைப்பிடியைச் சுற்றினேன். சுற்றினேன், சுற்றினேன், சுற்றிக்கொண்டே இருந்தேன். கைப்பிடி அருமையாகச் சுற்றியது. நூல் மட்டும் ஓர் அங்குலம் உள்ளே வரவில்லை! மீன் பாட்டுக்கு எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது. ரீலின் முன்னால் பிரேக் மாதிரி ஒரு திருகு உண்டு. அதை இறுக்கினால் மீன் நூலை இழுத்துக்கொண்டு ஓட முடியாது. முடிந்தவரை இறுக்கினேன். அப்போதும் நூல் போனது.

பக்கத்தில் வீச்சு வலையோடு நின்றிருந்த மீனவர் ஒருவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். அப்புறம் கேட்டார்: "இன்னா சார், மிசினு நீ சுத்திக்கினே கீற, மீனு அது பாட்டுக்குப் போய்க்கினே கீது?"

இரண்டு நிமிஷத்தில் நூல் தொய்ந்தது. மீன் முள்ளை உதறிவிட்டுப் போய்விட்டது.

இந்த இடத்தில் ஒரு யோக்கியன் என்ன செய்திருப்பான்? கூடுவாஞ்சேரிக்குப் போன் போட்டு, மீன் போச்சு என்று சொல்லியிருப்பான். நானும் போன் போட்டேன். ஸ்டெல்லா எடுத்தாள். பின்னால் சொந்தக்காரர்களின் சிரிப்புச் சத்தம். "என்னாச்சுங்க?" என்று அவள் கேட்ட குரலில் இருந்த ஆசையைக் கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "பிடிச்சாச்சு! பெரிசு!"

கேளம்பாக்கத்தில் வண்டியை நிறுத்தி, இருந்ததிலேயே பெரிய முழு மீனாகப் பார்த்து ஒன்று வாங்கினேன். இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு மீன் பிடிக்க ஆசை உண்டே தவிர, மீன் வாங்கிப் பழக்கமில்லை. வீட்டில் மீன் வாங்குவது எப்போதும் ஸ்டெல்லாதான்.

கூடுவாஞ்சேரியில் ஹாலுக்குள் நுழைந்தபோது கைதட்டல். அத்தை பையைப் பிரித்தார். செவுளைத் தூக்கிப் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இது கட்லா."

"ஆமா அத்தை. கட்லாதான்!" என்றேன், பெயர் தெரிந்துவிட்ட சந்தோஷத்தில்.

"கட்லா ஏரி மீனாச்சே. உப்புத் தண்ணிக்கு எப்ப வந்துச்சு?"

அவ்வளவுதான். கூரை இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. வில்சன் சோபாவில் உருண்டார். "ஐஸ் வச்சுப் பிடிச்சிருக்காரும்மா" என்று அவர் பங்குக்கு ஒன்று போட்டார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

ஒரே ஓர் ஆள் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டெல்லா.

வீட்டுக்குத் திரும்பியதும் அவள் சொன்னாள்: "நீங்க மீன் பிடிக்காததுகூடப் பரவாயில்லங்க. நீங்க போன் பண்ணதும் அண்ணன், 'கடையில வாங்கிட்டு வருவார் பாரு'ன்னு கிண்டல் பண்ணான். 'எங்க வீட்டுக்காரர் பொய் சொல்ல மாட்டார், சத்தியமா'ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். அதான் கஷ்டமா இருக்கு."

அவள் சத்தம் போட்டிருக்கலாம். மெதுவாகச் சொன்னாள். அவள் என்னை நம்பி வைத்த வார்த்தையை நான் ஒரு கட்லாவுக்குத் தின்னக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் பேச்சு "சாப்பாடு வச்சிருக்கேன்" என்பதோடு நின்றது. மூன்று நாள்.

வில்சன் அடுத்த திங்கட்கிழமை மஸ்கட் கிளம்புகிறார். அதற்குள் நானே பிடித்த நிஜ மீன் ஒன்றை அத்தையின் சமையலறையில் வைத்தாக வேண்டும். ஸ்டெல்லா தலை நிமிர வேண்டும். எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

புதன்கிழமை மாலை. ஸ்டெல்லா சாப்பாட்டு மேசையில் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். எதிரே உட்கார்ந்து நான் ரீலைக் குடைந்துகொண்டிருந்தேன். ரீல் பழுது என்று வில்சனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே, சுற்றியிருந்த நூலைக் கட்டைவிரலால் சும்மா தள்ளினேன்.

மொத்த நூலும் ஒரு கொத்தாக வழுக்கிச் சுற்றியது! உருளை அங்கேயே நின்றது. நூல் மட்டும் அதன்மேல் ஜம்மென்று சுற்றுகிறது. நான் போட்ட முடிச்சும் அதோடு சேர்ந்தே சுற்றுகிறது. அப்படியானால் ரீலில் ஒரு பழுதும் இல்லை. நான் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, உள்ளே இது வழுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

சிவப்புப் பேனா நின்றது. ஸ்டெல்லா அதைப் பார்த்தாள். மூன்று நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"உள்பாவாடை எங்கே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னது?"

"பட்டுப் புடவையை வெறும் இடுப்புல கட்டினா நிக்குமா? எத்தனை இறுக்கினாலும் சுத்திக்கிட்டு அவுந்துதான் போகும். உள்ள ஒரு பாவாடை வேணும். அதுவும் சாட்டின்ல இருந்தா வழுக்கும், காட்டன்தான் பிடிக்கும். இதுக்கு அப்படி ஏதும் கிடையாதா?"

குப்பைக் கூடையிலிருந்த துண்டுச் சீட்டைத் தேடி எடுத்து அவளிடம் கொடுத்தேன். படித்தாள்.

"இதுல தெளிவாப் போட்டிருக்கே! நைலான் கொஞ்சம் இழுபடும். இறுக்கிச் சுத்தினா கவ்விப் பிடிச்சுக்கும். இந்தப் பின்னல் நூல் இழுபடாது, வழவழன்னு இருக்கு. எப்படிப் பிடிக்கும்?" என்றவள் உருளையை மோந்து பார்த்தாள். "இது என்ன... தேங்காய் எண்ணெயா?"

நான் தலை குனிந்தேன். அவள் சிரித்தாள். முதலில் மெல்ல, அப்புறம் கண்ணில் தண்ணீர் வரும்வரை. அந்தச் சிரிப்புக்காக இன்னும் ஒரு பாட்டில் எண்ணெய் தடவத் தயாராக இருந்தேன்.

அடுத்த பிரச்சினை, எவ்வளவு நைலான் சுற்றுவது? கம்மியாகச் சுற்றினால் உருளை பாதிதான் நிறையும், நூல் தூரம் போகாது. அதிகமானால் விளிம்பைத் தாண்டி வழிந்து சிக்கலாகும். விளிம்புக்கு ஓர் அரிசி அளவு கீழே நிற்க வேண்டும். எப்படிக் கணக்குப் போடுவது?

"கணக்கே வேண்டாம்" என்றாள் கணக்கு டீச்சர். "மேல வர வேண்டிய பின்னல் நூலை முதல்ல சுத்துங்க. அதோட முனையில நைலானை முடிச்சுப் போட்டு, உருளை நிறையிற வரைக்கும் சுத்துங்க. அளவு கிடைச்சிடும். அப்புறம் மொத்தத்தையும் வெளிய இழுத்து, மறுமுனையிலேருந்து திருப்பிச் சுத்தினா நைலான் அடியில போயிடும், பின்னல் மேல வந்துடும். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். ஆனால் வெளியே இழுத்தால் இருநூறு மீட்டருக்கு மேல் வரும். அதை எங்கே விரிப்பது? எங்கள் தெரு அதில் பாதிதான். 'கோடி வரைக்கும் போய்த் திரும்பி வரட்டும்' என்றாள். திரும்புகிற இடத்தில் நூல் உரசாமல் வழுக்கிவர வழவழப்பாக ஏதாவது வேண்டும். கண்ணாடி பாட்டில். பாட்டிலைப் பிடிக்க ஓர் ஆள். வில்சன்!

இப்போது அந்தச் சனிக்கிழமைக் காட்சி உங்களுக்குப் புரிந்திருக்கும்.

முதல் நாள் இரவே பாத்திரம் தேய்க்கிற சோப்பால் உருளையை மூன்று முறை கழுவி, முதலில் பின்னல் நூல், அதன்மேல் நைலான் என்று நிறையச் சுற்றி வைத்தாயிற்று. நைலான் முனையைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டிலிருந்து கிளம்பினேன். தெரு ஓரமாகவே நடந்து, வில்சனின் பாட்டிலைச் சுற்றி, திரும்பிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் பின்னால் ஓர் ஆட்டோ கிரீச்சென்று நின்றது.

"சார்! இன்னா சார் இது? மாஞ்சாவா? கய்த்த அறுத்துடப் போவுது சார்!"

அவர் பயம் நியாயமானது. காற்றாடி மாஞ்சா நூல் என்றால் சென்னையில் வண்டி ஓட்டுகிற யாருக்குத்தான் அடிவயிறு கலங்காது? "மாஞ்சா இல்லப்பா. மீன் பிடிக்கிற நூல்" என்றேன்.

அவர் தெருவை மேலும் கீழும் பார்த்தார். "தெருவுல இன்னா சார் மீனு கீது?"

ஸ்டெல்லா கேட்டிலிருந்தே விஷயத்தைச் சொன்னாள், கட்லாவை விட்டுவிட்டு. ஆட்டோக்காரர் யோசித்தார். பிறகு வண்டியைத் தெருமுனையில் குறுக்கே போட்டு இறங்கி, பால் வண்டி, ஸ்கூட்டர், ஒரு மாடு எல்லாவற்றையும் அடுத்த தெருவுக்குத் திருப்பிவிட ஆரம்பித்தார். "அந்தாண்ட போ, அந்தாண்ட போ! சாரு நூலு சுத்திக்கினு கீறாரு!"

நைலான் முனையை உருளையில் இறுக்கிக் கட்டினேன். நான் சுற்ற, ரீலுக்கு முன்னால் நின்று ஸ்டெல்லா ஈரத் துணியால் நூலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தொளதொளவென்று சுற்றினால் பிறகு சிக்கும், அதற்காக. நைலான் உள்ளே போனது. முடிச்சு போனது. பச்சை நூல் அதன்மேல் வரிவரியாக ஏறியது. முடிந்ததும் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தேன்.

அசையவில்லை. ஆட்டோக்காரரும் ஒரு முறை தள்ளிப் பார்த்துவிட்டு, "கெட்டியா கீது சார்" என்று சர்டிஃபிகேட் கொடுத்தார்.

மறுநாள் ஞாயிறு. காலை ஆராதனை முடிந்து மூவரும் முட்டுக்காடு போனோம். ஸ்டெல்லா என்னோடு மீன் பிடிக்க வந்தது அதுதான் முதல் முறை. அதே வலைக்கார மீனவர் அங்கே இருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. வில்சன் பாறையில் சாய்ந்து கொட்டாவி விட்டார். மறுநாள் அவர் ஊரில் இருக்க மாட்டார்.

"டீ ஃபிளாஸ்க்கை எடுத்துட்டு வர்றேன். ஒரு நிமிஷம் பிடி" என்று கம்பை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டு வண்டிக்குப் போனேன்.

"ஏங்க!"

திரும்பிப் பார்த்தால் கம்பு வளைந்திருக்கிறது. அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தொங்குகிறாள். ஃபிளாஸ்க்கைப் போட்டுவிட்டு ஓடினேன். "இந்தாங்க, இந்தாங்க, பிடிங்க" என்று கம்பை என் பக்கம் நீட்டுகிறாள். நானும் கை நீட்டிவிட்டேன்.

வாங்கியிருந்தால்? நான் பிடித்த மீன். சொன்ன சொல் காப்பாற்றப்பட்டிருக்கும். முள்ளில் மாட்டியபோது யார் கையில் இருந்தது என்று யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். பயம், சிரிப்பு, ஆனந்தம் எல்லாம் கலந்து அப்படி ஒரு முகம். கையை இழுத்துக்கொண்டேன்.

"நீயே சுத்து" என்றேன்.

சுற்றினாள். நூல் வந்தது! ஒவ்வொரு சுற்றுக்கும் வந்தது. மீன் ஓடியபோது விட்டாள், நின்றபோது சுற்றினாள். நான் கத்தினேன், வில்சன் கத்தினார். "வுடாத அக்கா! வுடாத!" என்று வலைக்காரர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். கடைசியில் கரையில் வந்து விழுந்தது... வெள்ளிப் பளபளப்பில், என் முழங்கை நீளத்துக்கு ஒரு கொடுவா!

இந்த இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல் அடியில் இருந்து தாங்குகிற நைலான் நரம்பையும் மனைவிமார்களையும் ஒப்பிட்டு நான் நாலு வரி எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறீர்கள். எழுத மாட்டேன். மீன் பிடித்தது அவள். அடியில் கிடந்தது நான்.

சாயங்காலம் கூடுவாஞ்சேரி. அத்தை செவுளைப் பார்த்தார். "கொடுவா! துடிச்சுக்கிட்டு வந்த மீனு. யாரு பிடிச்சது?"

"ஸ்டெல்லா, அத்தை" என்றேன்.

அத்தை என்னையே பார்த்தார். மெல்ல அவர் முகம் கனிந்தது. "போன வாரம் எல்லாரும் சிரிச்சதை மனசுல வச்சுக்காதீங்க மாப்பிள்ளை. பிடிச்சதும் பிடிச்சு, பொண்டாட்டி பேரைச் சொல்றீங்க பாருங்க... அந்தக் குணம் யாருக்கு வரும்!"

"இல்ல அத்தை. சத்தியமா ஸ்டெல்லாதான்!"

"ஆமாம்மா. நான் பார்த்தேன்" என்றார் வில்சன்.

"நீ உன் மச்சானை விட்டுக் கொடுப்பியா?" என்று அவரையும் அடக்கிவிட்டார் அத்தை. குழம்பு தயாரானதும் மீன் தலை என் தட்டில் வந்து விழுந்தது. ஸ்டெல்லாவுக்கு வால் துண்டு. அவள் வாலைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

பொய் சொன்னபோது கையும் களவுமாக மாட்டினேன். உண்மை சொன்னால் நல்ல பெயர் கொடுக்கிறார்கள், வேண்டாம் என்றாலும் திரும்ப வாங்கிக்கொள்ள மறுக்கிறார்கள். நான் என்னதான் செய்வது? ஆகவே அச்சிலேயே சொல்லிவிடுகிறேன். அத்தை இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர். அத்தை, கொடுவாவைப் பிடித்தது உங்கள் மகள்தான்!

ரீலா? அது இப்போது என்னிடம் இல்லை. ஸ்டெல்லாவின் பீரோவில், பட்டுப் புடவைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாவி அவளிடம்.